துரு தாங்கும் கோதுமையும் மரபணு மார்க்கரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோதுமைப் பயிர்ப் பெருக்கத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் ஊரில் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: "நம்ம பக்கம் யாரு கோதுமை போடுறா?" அதற்கு அடுத்து வரும் கேள்விகள்தான் ஆளுக்கு ஆள் மாறும். உறவினர்கள், வேளாண் கல்லூரி மாணவர்கள், வடக்கே கோதுமை பயிரிடும் நண்பர்கள் கேட்டவற்றை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வரிசையாகவும் படிக்கலாம், வேண்டிய கேள்விக்கு நேராகவும் போகலாம்.

துரு நோய் என்றால் என்ன? கண்ணால் பார்த்தால் தெரியுமா?

நன்றாகத் தெரியும். ஜனவரி மாதக் குளிரில், இமயமலை அடிவாரத்தை ஒட்டிய பஞ்சாப் மாவட்டங்களில் நோய் விழுந்த வயலில் இறங்கி நடந்தால், கால்சட்டை முழங்கால் வரை மஞ்சளாகிவிடும். ஓர் இலையை இரு விரல்களுக்கு நடுவே வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். மஞ்சள்தூள் டப்பாவில் விரல் வைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். தழைச்சத்துப் பற்றாக்குறையாலும் இலை மஞ்சளாகும். ஆனால் அப்போது விரலில் எதுவும் ஒட்டாது. வயலில் இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்த ஒரு சோதனை போதும்.

விரலில் ஒட்டுவது பூஞ்சணத்தின் வித்துகள். காற்றில் பறந்து வந்து, பனி படிந்த இலையில் முளைத்து, இலைத்துளை வழியாக உள்ளே போய், உயிருள்ள செல்களிலிருந்து உணவை உறிஞ்சுகிறது இந்தப் பூஞ்சணம். பத்துப் பதினைந்து நாளில் அந்த இலையிலேயே புதிய வித்துகள் வெடித்து வெளிவரும். ஒரு பருவத்தில் இப்படிப் பல சுற்று நடக்கும். மணிக்குப் போக வேண்டிய சத்து பூஞ்சணத்துக்குப் போய்விடுவதால் கோதுமை சுருங்கிப் போகும், மோசமான வயலில் பதர்தான் மிஞ்சும்.

எத்தனை வகை துரு இருக்கிறது?

மூன்று. மஞ்சள் துரு குளிர் விரும்பி. 10 முதல் 15 டிகிரியில் வேகமாகப் பரவும், இலையில் தையல் போட்டதுபோல் வரிவரியாக வரும். பழுப்புத் துரு சற்று வெதுவெதுப்பான இடத்தில், இலையில் சிதறிய புள்ளிகளாக வரும். கருப்புத் துரு, அதாவது தண்டுத் துரு, இன்னும் சூடு தாங்கும். தாளையே தாக்கி ஒடித்துவிடும். மூன்றையும் உண்டாக்குவது பக்சீனியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு பூஞ்சணங்கள். ஒன்றைத் தாங்கும் ரகம் மற்றதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

சரி, தமிழ்நாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இதைக் கேட்டால் நான் கொஞ்ச நேரம் பேசுவேன்.

வட இந்தியச் சமவெளியில் ஏப்ரலில் அறுவடை முடிந்ததும் கோதுமையே இருக்காது. மே, ஜூன் வெயிலில் துருவின் வித்துகளும் செத்துவிடும். அப்படியிருக்க, அடுத்த பருவத்தில் நோய் எங்கிருந்து வருகிறது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பார்பெர்ரி என்ற புதர்ச்செடி கருப்புத் துருவுக்கு இடைத்தங்கலாக இருக்கிறது. அமெரிக்காவில் 1918 முதல் அந்தச் செடியைத் தேடித் தேடிப் பிடுங்கினார்கள். இந்தியாவில் அப்படியில்லை என்று காட்டியவர் ஆக்ராவில் வேலை செய்த கே.சி. மேத்தா. பல ஆண்டுகள் அலைந்து அவர் கண்டது இதுதான்: துரு மலைகளில் கோடையைக் கழிக்கிறது. மஞ்சள் துருவுக்கும் பழுப்புத் துருவுக்கும் இமயமலை முக்கியம். கருப்புத் துருவுக்கோ நீலகிரியும் பழனி மலையும். அங்கே குளிர்ச்சி உண்டு, ஆண்டு முழுக்க எங்காவது ஒரு துண்டு நிலத்தில் கோதுமை பச்சையாக நிற்கும். துருவுக்கு அது போதும்.

மலையிலிருந்து அது மத்திய இந்தியாவுக்கு எப்படிப் போகிறது என்பதை எஸ். நாகராஜனும் உடன் வேலை செய்தவர்களும் 1970களில் வானிலைப் படங்களை வைத்து விளக்கினார்கள். நவம்பர் வாக்கில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, கரை கடந்து, உள்நாட்டுக்குள் போய் வலுவிழக்கும் அல்லவா? அந்தக் காற்றோட்டத்தில் நீலகிரியின் வித்துகள் மேலே தூக்கப்பட்டு, மத்திய இந்தியாவில் மழையோடு இறங்குகின்றன. அங்கே அப்போதுதான் கோதுமை முளைத்திருக்கும். நமக்கு வடகிழக்குப் பருவமழை கொடுக்கும் அதே தாழ்வுநிலைகள்தான் இவை. இந்தப் பாதைக்கு 'பக்சீனியா பாதை' என்றே பெயர் வைத்தார்கள்.

அதனால்தான் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வட்டார நிலையம் ஒன்று 1950களிலிருந்து இயங்குகிறது. ஆண்டு முழுக்க துரு தானாகவே வரும் இடம் என்பதால், நாட்டின் பல மூலைகளில் உருவாகும் கோதுமை வரிசைகளை, அதாவது இன்னும் ரகமாக வெளியாகாத சோதனைக் கோதுமைகளை, அங்கே நட்டுப் பார்க்கலாம். மலையில் விளையும் கோதுமையே துரு தாங்கும் ரகமாக இருந்துவிட்டால், பூஞ்சணத்துக்குக் கோடையில் ஒதுங்க இடம் குறையும் என்பதும் அங்கே நடந்த வேலைக்குப் பின்னால் இருந்த எண்ணம்.

செடி எப்படி நோயைத் தாங்குகிறது?

எளிமையாகச் சொன்னால், செடியிடம் உள்ள ஒரு எதிர்ப்பு மரபணு, பூஞ்சணம் உள்ளே அனுப்பும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டுகொள்கிறது. கண்டதும், பூஞ்சணம் நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் தாமே செத்துவிடும். துருவுக்கு உயிருள்ள செல் வேண்டும். சுற்றிலும் செத்த செல்லாக இருந்தால் அது பட்டினியில் அடங்கிவிடும். இலையில் ஊசி குத்தியதுபோல் ஒரு வெளிறிய புள்ளி மட்டும் தெரியும்.

மஞ்சள் துருவைத் தாங்கும் தன்மை மெண்டல் சொன்ன விதிப்படியே தலைமுறைகளுக்குப் போகிறது என்று கேம்பிரிட்ஜில் பிஃபென் 1905லேயே காட்டிவிட்டார். அப்புறம் அமெரிக்காவில் ஃப்ளோர் என்பவர் ஆளிவிதைச் செடியின் துருவை ஆராய்ந்து, செடியின் ஒரு மரபணுவுக்கு எதிரே பூஞ்சணத்தில் ஒரு மரபணு இருக்கிறது என்று நிறுவினார். இந்தத் துறையே அதன்மேல் நிற்கிறது.

நல்ல எதிர்ப்பு மரபணு ஒன்றை ரகத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்ததுதானே?

முடிவதில்லை. பூஞ்சணம் அந்த ஒரு புரதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாலோ, கைவிட்டாலோ, செடிக்கு அடையாளம் தெரியாமல் போகும். ஒரு ஹெக்டேரில் கோடிக்கணக்கில் வித்துகள் உருவாகும்போது, எங்காவது ஒன்றில் அந்த மாற்றம் நடந்துவிடும். நாடு முழுக்க ஒரே ரகம் நின்றால், அந்த ஒரு வித்துக்கு நாடு முழுக்க வழி திறந்திருக்கும்.

பி.பி.டபிள்யூ 343 இதற்கு நல்ல உதாரணம். 1995ல் வெளியான ரகம். விளைச்சல் அருமை, சப்பாத்திக்கும் ஏற்றது; வடமேற்கு இந்தியாவின் பெரும்பகுதி வயல்களை அது பிடித்துக்கொண்டது. அதில் மஞ்சள் துருவுக்கு எதிராக ஒய்.ஆர் 9, ஒய்.ஆர் 27 என்ற இரண்டு மரபணுக்கள் இருந்தன. முதல் மரபணுவைத் தாண்டும் துரு வகை 1990களின் நடுவில் வந்தது. இரண்டாவதைத் தாண்டும் 78எஸ்84 என்ற வகை 2001 வாக்கில் வந்தது. அதன் பிறகு அந்த ரகம் மஞ்சள் துருவுக்குத் திறந்த வீடுதான். அடுத்து 2011ல் வந்த எச்.டி 2967 அதன் இடத்தைப் பிடித்தது. சில ஆண்டுகளில் அதையும் தாக்கும் துரு வகைகள் வந்துவிட்டன.

இரண்டு மரபணு இருந்தும் எப்படித் தோற்றது என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தோற்றன என்பதைக் கவனியுங்கள். முதலாவது போனபோது இரண்டாவது தனியாக நின்றது. தனியாக நிற்கும் மரபணுவைத் தாண்ட பூஞ்சணத்துக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். வேலை செய்யும் மரபணுக்கள் மூன்று ஒன்றாக நின்றால், ஒரே வித்தில் மூன்று மாற்றமும் சேர்ந்து நடக்க வேண்டும். அது மிக மிக அரிது.

அப்படியானால் மூன்றையும் ஒரே ரகத்தில் வைக்க வேண்டியதுதானே? இதில் என்ன கஷ்டம்?

மார்க்கர், அதாவது டி.என்.ஏ-வில் பார்க்கும் அடையாளம், ஏன் வேண்டும் என்பதற்கான பதில் முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒரு செடியில் ஒரு மரபணு இருக்கிறது, அது இப்போதுள்ள எல்லாத் துரு வகைகளையும் தடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் செடியில் அதே மாதிரி மூன்று மரபணுக்கள் இருக்கின்றன. இரண்டின்மேலும் துருவைத் தூவுங்கள். இரண்டும் பச்சையாக, சுத்தமாக நிற்கும். எதில் ஒன்று, எதில் மூன்று? எவ்வளவு அனுபவமுள்ள கண்ணுக்கும் தெரியாது. சில இடங்களில் தனித்தனித் துரு வகைகளைத் தூவிப் பிரித்தறியலாம். எல்லா வகையையும் தடுக்கும் மரபணுக்களாக இருந்தால் அதற்கும் வழியில்லை.

ஆக, வயலில் நமக்கு வேண்டிய செடியும் வேண்டாத செடியும் ஒரே முகத்தோடு நிற்கின்றன. எண்ணிக்கையும் நமக்கு எதிராகத்தான் இருக்கும். கலப்பின் இரண்டாம் தலைமுறையில் ஒரு மரபணு இரு பிரதியாகவும் அமைவது நான்கில் ஒரு செடியில். இரண்டு மரபணு என்றால் பதினாறில் ஒன்று, மூன்று என்றால் அறுபத்து நான்கில் ஒன்று. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க, இலையைப் பார்க்காமல் டி.என்.ஏ-வைப் பார்க்க வேண்டும்.

மார்க்கர் என்றால் என்ன? மரபணுவேதானா?

பெரும்பாலும் இல்லை. மரபணுவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அடையாளம். பெரிய ஊரில் விலாசம் கேட்டால் "பிள்ளையார் கோவிலுக்கு அடுத்த வீடு" என்போமே, அந்தப் பிள்ளையார் கோவில்தான் மார்க்கர். கோவிலும் வீடும் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நம்பலாம். குரோமோசோமில் இந்தத் தூரத்தை சென்டிமார்கன் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு சென்டிமார்கன் என்றால், ஒரு தலைமுறையில் நூற்றில் ஒரு தடவை அடையாளமும் மரபணுவும் பிரிந்துவிடலாம்.

ஓர் உண்மையான மார்க்கரையே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எல்.ஆர் 34 என்ற பழுப்புத் துரு எதிர்ப்பு மரபணு 7டி குரோமோசோமில் இருக்கிறது. அதற்கு சி.எஸ்.எல்.வி 34 என்றொரு மார்க்கர் உண்டு. இரண்டு மூன்று வார நாற்றிலிருந்து விரல்நகம் அளவு இலை கிள்ளி, திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடியாக்கி, வெந்நீர்த் தொட்டியில் கரைசலோடு வைத்து, கடைசியில் குளிர்ந்த ஆல்கஹால் ஊற்றினால், டி.என்.ஏ வெள்ளை நூல் மாதிரி குழாயில் திரண்டு மிதக்கும். முதல் தடவை பார்க்கிற மாணவர்கள் எல்லோரும் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பிறகு பி.சி.ஆர் இயந்திரத்தில் அந்த மார்க்கர் இருக்கும் துண்டை மட்டும் கோடிக்கணக்கில் பிரதி எடுத்து, அகரோஸ் கூழ்ப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட வேண்டும்.

டி.என்.ஏ-வின் அடிப்படை அலகை 'எழுத்து' என்போம். எதிர்ப்புள்ள செடியில் துண்டின் நீளம் 150 எழுத்து; எதிர்ப்பில்லாத செடியில் 229. சின்னத் துண்டு கூழில் வேகமாக ஓடும். புற ஊதா ஒளியில் பார்த்தால் 150 கீழே ஒரு கோடு, 229 மேலே ஒரு கோடு. இரண்டு கோடும் தெரிந்தால் அந்தச் செடியில் இரண்டு வகையும் ஒவ்வொரு பிரதி இருக்கிறது. துருவே தூவாமல், கதிர் வரும் முன்னே, நாற்றுப் பருவத்திலேயே விடை கிடைத்துவிடும்.

இப்போது பெரிய ஆய்வகங்களில் கூழ்ப் பலகை குறைந்துவிட்டது. ஒரே எழுத்து வேறுபாட்டை ஒளிரும் நிறமாகக் காட்டும் காஸ்ப் முறையில், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான நாற்றுகளைப் பார்த்துவிடலாம். எனக்கென்னவோ கற்றுக்கொள்பவர்கள் முதலில் கூழ்ப் பலகையில்தான் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது. கண்முன்னே கோடு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு மார்க்கர் என்பது மனதில் நன்றாக நிற்கும்.

ஒரு ரகத்தில் புதிய மரபணுவைச் சேர்ப்பது நடைமுறையில் எப்படி?

முதலில் கைவேலை. கோதுமைப் பூ தனக்குத் தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், அதனால் ஒரு செடியைத் தாயாக்க வேண்டுமென்றால் அதன் மகரந்தப்பைகளை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். கதிர் உறையை விட்டு வெளிவரும்போது, மகரந்தப்பை இன்னும் பச்சையாக இருக்கும். அப்போது கதிரின் மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் நீக்கி, நடுவிலுள்ள சின்னப் பூக்களையும் கிள்ளிவிட்டு, மிச்சமிருக்கும் ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று மகரந்தப்பைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். ஒன்று உடைந்தாலும் அந்தப் பூ வீண். பிறகு கதிருக்கு வெண்ணெய்க் காகித உறை மாட்டி, தேதி எழுதி, இரண்டு மூன்று நாள் காத்திருந்து, சூல்முடி இறகு மாதிரி விரிந்ததும் தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். நன்றாக அமைந்தால் ஒரு கதிருக்கு இருபது முப்பது மணி கிடைக்கும். எத்தனை இயந்திரம் வந்தாலும் இந்த வேலை மட்டும் இன்னும் குனிந்த முதுகோடும் இடுக்கியோடும்தான் நடக்கிறது.

அப்புறம் பின்கலப்பு. நல்ல ரகத்தோடு, எதிர்ப்பு மரபணு வைத்திருக்கும் செடியைக் கலந்தால் குழந்தையில் பாதிக்குப் பாதி இருவருடையதும் வரும். நமக்கு வேண்டியது ஒரே ஒரு மரபணு. மற்றதெல்லாம் பழைய ரகமாகவே இருக்க வேண்டும். அதனால் குழந்தையை மறுபடி நல்ல ரகத்தோடே கலக்கிறோம். முதல் பின்கலப்பில் சராசரியாக 75 சதவீதம், இரண்டாவதில் 87.5, மூன்றாவதில் 93.75 என்று பழைய ரகம் திரும்பி வரும். ஒவ்வொரு சுற்றிலும் மார்க்கர் வைத்து எதிர்ப்பு மரபணு உள்ள நாற்றுகளை மட்டும் வைத்துக்கொள்கிறோம். கூடவே, எல்லாக் குரோமோசோம்களிலும் பரவிய மார்க்கர்களை வைத்து, எந்த நாற்றில் பழைய ரகம் அதிகமாகத் திரும்பியிருக்கிறது என்றும் பார்க்கிறோம். சராசரி 75 என்றாலும் ஒவ்வொரு நாற்றும் வேறுபடும், சிலதில் 85 இருக்கும். அதைப் பிடித்து அடுத்த கலப்புக்குப் போனால் ஒன்றிரண்டு சுற்று மிச்சம்.

இப்படி வெளியான ரகம் ஏதாவது இந்தியாவில் உண்டா?

உண்டு. மேலே சொன்ன பி.பி.டபிள்யூ 343க்கே மறுவாழ்வு கொடுத்தார்கள். லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம், மார்க்கர் உதவியோடு அதில் புதிய எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து 2017ல் 'உன்னத் பி.பி.டபிள்யூ 343' என்ற பெயரில் வெளியிட்டது. அதில் ஒரு தொகுதி, ஏஜிலாப்ஸ் அம்பெலுலாட்டா என்ற காட்டுப்புல்லிலிருந்து அதே பல்கலைக்கழகத்தில் கொண்டுவரப்பட்டது. இன்னொரு தொகுதி ஏஜிலாப்ஸ் வென்ட்ரிகோசா என்ற வேறொரு காட்டுப்புல்லிலிருந்து வந்தது. அதே ஆண்டில் பி.பி.டபிள்யூ 550 ரகத்திலும் ஒய்.ஆர் 15 சேர்த்து 'உன்னத்' வடிவம் வந்தது. ஒய்.ஆர் 15 இஸ்ரேலில் சேகரித்த காட்டு எம்மர் கோதுமையிலிருந்து கிடைத்த மரபணு. விவசாயிக்குப் பழகிய ரகம், பழகிய பருவம், பழகிய மாவு. உள்ளே காவல் மட்டும் புதிது. எனக்கு இந்த வழி மிகவும் பிடித்தது.

காட்டுப்புல்லிலிருந்து எடுத்தால் வேண்டாத குணமும் கூட வராதா?

வரும். எல்.ஆர் 19 என்ற மரபணு ஓர் உயரமான காட்டுப்புல்லிலிருந்து வந்தது. அதை ஒட்டியே மாவை மஞ்சளாக்கும் மரபணுவும் இருந்தது. வெள்ளை மாவு எதிர்பார்க்கும் சந்தையில் அதற்கு இடமில்லை. கோதுமைக்கு உறவான ரை தானியத்திலிருந்து வந்த குரோமோசோம் துண்டு மூன்று துருவுக்கும் காவல் கொடுத்தது, ஆனால் ரொட்டி மாவைப் பிசுபிசுக்க வைத்தது. இப்படி ஒட்டி வரும் சுமையைக் கழற்ற, மரபணுவின் இரு பக்கமும் ஒவ்வொரு மார்க்கர் வைத்து, மிகச் சிறிய துண்டு மட்டும் வந்த செடியைத் தேடுவார்கள். நூற்றுக்கணக்கான நாற்றுகளில் ஒன்றிரண்டுதான் அப்படி இருக்கும்.

இது மரபணு மாற்றப் பயிரா?

இல்லை. கலப்பு வழக்கமான மகரந்தச் சேர்க்கைதான். மார்க்கர் என்பது எந்த நாற்றை வைப்பது, எதைப் பிடுங்குவது என்று சொல்லும் சோதனை மட்டும். செடிக்குள் எதையும் செலுத்துவதில்லை. மரபணு மாற்றப் பயிர்களுக்கான தனி அனுமதியும் இவற்றுக்குத் தேவையில்லை.

கோதுமையில் இது ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது?

கோதுமையின் மரபுத்தொகை, அதாவது அதன் மொத்த டி.என்.ஏ, மிகப் பெரியது. நெல்லுக்குச் சுமார் 40 கோடி எழுத்து, மனிதருக்குச் சுமார் 300 கோடி, ரொட்டிக் கோதுமைக்குச் சுமார் 1,600 கோடி. மூன்று புல்வகைகள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒன்றுசேர்ந்து உருவான பயிர் அது. அதனால் ஒவ்வொரு மரபணுவுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மூன்று பிரதிகள் இருக்கும். எது எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று பிரிப்பதே பெரும்பாடு. நெல்லின் முழு வரைபடம் 2005லேயே வந்துவிட்டது. கோதுமைக்குத் தரமான வரைபடம் 2018ல்தான் வந்தது. பல நாடுகள் குரோமோசோம்களைப் பங்கு போட்டுக்கொண்ட அந்த வேலையில் இந்தியக் குழுவுக்கு 2ஏ குரோமோசோம் வந்தது.

எல்.ஆர் 34 மரபணுவை இவ்வளவு புகழ்வது ஏன்?

இதுவரை சொன்ன மரபணுக்கள் நோயை வாசலிலேயே நிறுத்துபவை. எல்.ஆர் 34 அப்படி நிறுத்தாது. நாற்றுப் பருவத்தில் பார்த்தால் செடிக்குக் காவலே இல்லாத மாதிரி துரு வரும். செடி வளர்ந்து, கதிருக்கு முன் வரும் கடைசி இலையான கொடியிலை வெளிவந்த பிறகு, துரு வருவது மெதுவாகும். புள்ளிகள் சிறுத்து, எண்ணிக்கை குறைந்து, பருவம் முடியும்போது இழப்பு குறைவாக இருக்கும். பழுப்பு, மஞ்சள், கருப்பு மூன்று துருவையும், சாம்பல் நோயையும் இது தணிக்கிறது. ஒரு நூற்றாண்டாகக் கோதுமையில் இருந்துகொண்டே இருக்கிறது. எந்தத் துரு வகையும் இன்னும் முழுதாக அதைத் தாண்டவில்லை. 2009ல் இந்த மரபணுவைப் பிரித்தெடுத்தபோது, அது பூஞ்சணத்தை அடையாளம் காணும் வகையே அல்ல, செல்லுக்குள் பொருள்களைக் கடத்தும் ஒரு புரதத்துக்கானது என்று தெரிந்தது. பூஞ்சணத்தின் ஒரு புரதத்தை நம்பியிராததால்தான் இது நீடிக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது.

இந்த மரபணு உள்ள செடியின் இலை நுனி வயதானதும் காய்ந்து போகும். மார்க்கர் வருமுன் பயிர்ப் பெருக்கத்தார் அந்தக் காய்ந்த நுனியையே அடையாளமாக வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவும் ஒரு மார்க்கர்தான். ஆனால் வெயிலுக்கும் நுனி காயும், வேறு காரணத்துக்கும் காயும். அதனால் ஏமாந்தும் போனார்கள்.

தனியாக எல்.ஆர் 34 கடும் நோய்க்குப் போதாது. இதே போன்ற மெதுவாக்கும் மரபணுக்கள் நான்கைந்து சேரும்போது, வயல் கிட்டத்தட்ட சுத்தமாக இருக்கும். ஒவ்வொன்றின் பங்கும் சிறியது, கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. அங்கேதான் மார்க்கரின் பயன் மிக அதிகம்.

உகாண்டாவில் வந்த யு.ஜி 99 இந்தியாவுக்கு வந்துவிட்டதா?

இந்தியாவில் இதுவரை பதிவாகவில்லை. 1998ல் உகாண்டாவில் கண்டு, 1999ல் அறிவிக்கப்பட்ட கருப்புத் துரு வகை அது. எஸ்.ஆர் 31 என்ற மரபணுவை முதன்முதலாகத் தாண்டியதால்தான் அவ்வளவு பதற்றம். உலகின் ஏராளமான ரகங்கள் அதை நம்பி நின்றன, நம் பி.பி.டபிள்யூ 343 உட்பட. கென்யா, எத்தியோப்பியா, ஏமன் என நகர்ந்து 2007ல் ஈரானில் கண்டார்கள். பசுமைப் புரட்சியின் தந்தை எனப்படும் நார்மன் போர்லாக் தன் தொண்ணூறாவது வயதுக்குப் பிறகும் உலகம் முழுக்க இதற்காக எச்சரிக்கை மணி அடித்தார். அன்றிலிருந்து இந்தியக் கோதுமை வரிசைகள் கென்யாவின் ஞோரோவுக்கு அனுப்பி அங்கே சோதிக்கப்படுகின்றன. நோய் வருமுன்னே மாற்று ரகம் தயாராக இருக்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை.

வங்கதேசத்தில் வந்தது துருவா?

அது வேறு, கோதுமைக் குலைநோய். 1985ல் பிரேசிலில் முதலில் கண்டது, 2016ல் வங்கதேசத்தில் வந்து ஏறக்குறைய 15,000 ஹெக்டேரைத் தாக்கியது. கதிர் ஒரே வாரத்தில் வெளுத்துவிடும். இதைத் தாங்க உதவும் 2என்.எஸ் என்ற குரோமோசோம் துண்டும் மேலே சொன்ன ஏஜிலாப்ஸ் வென்ட்ரிகோசாவிலிருந்து வந்ததுதான், அதற்கும் மார்க்கர் உண்டு. வங்கதேசம் 2017ல் வெளியிட்ட பாரி கோம் 33 அதை வைத்திருக்கிறது.

நெல்லில் இது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, கோதுமைக்கு முன்பே. பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும் எக்ஸ்.ஏ 21, எக்ஸ்.ஏ 13, எக்ஸ்.ஏ 5 என்ற மூன்று மரபணுக்களை மார்க்கர் வைத்துச் சம்பா மசூரியில் அடுக்கி, ஹைதராபாத் நிறுவனங்கள் 'இம்ப்ரூவ்ட் சம்பா மசூரி' வெளியிட்டன. அந்த அரிசியை நீங்களே சாப்பிட்டிருக்கலாம்.

மார்க்கர் பொய் சொல்லுமா?

சொல்லும். அடையாளமும் மரபணுவும் பிரிந்துவிட்டால், கோடு சரியாக இருக்கும், செடி நோயில் சாகும். அதனால்தான் மரபணுவைப் பிரித்தெடுத்த பிறகு, அதன் உள்ளேயே இருக்கும் வேறுபாட்டை மார்க்கராக வைக்கிறார்கள். அதற்குப் பிரிந்து போக இடமில்லை. இன்னொரு சிக்கல், மரபணு இருந்தும் வேலை செய்யாமல் இருப்பது. கனடாவின் கான்தாட்ச் என்ற பழைய ரகத்தில், 7டி குரோமோசோமில் இருந்த ஓர் அடக்கும் மரபணு, மற்ற எதிர்ப்பு மரபணுக்களை வேலை செய்யவிடாமல் வைத்திருந்தது. கூழ்ப் பலகையில் இதெல்லாம் தெரியாது. மூன்றாவது காரணம் மிகச் சாதாரணமானது: குழாயில் எண் மாற்றி எழுதுவது. நான் ஒரு தடவை இரண்டு தட்டுகளை மாற்றி வைத்து, ஒரு பருவத்து நாற்றில் பாதியைத் தப்பாகப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தட்டிலும் தெரிந்த ரகங்கள் இரண்டை வேண்டுமென்றே வைக்கிறேன். அவை சரியாக வந்தால்தான் மற்றதை நம்புவேன்.

இப்படிப்பட்ட ரகம் போட்டால் மருந்தே வேண்டாமா? விதையை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

மருந்து குறையும். வயலைப் பார்ப்பது மட்டும் குறையக் கூடாது. டிசம்பர் கடைசியிலிருந்து, மரநிழல் உள்ள ஓரங்களையும் ஈரம் தங்கும் மூலைகளையும் வாரம் ஒருமுறை பாருங்கள், மஞ்சள் துரு அங்கேதான் வட்டமாக முதலில் தொடங்கும். விரலில் தூள் ஒட்டினால், அந்த வட்டத்துக்கு உடனே புரோபிகோனசோல் 25 இ.சி, லிட்டருக்கு 1 மில்லி வீதம் தெளிப்பது வழக்கமான பரிந்துரை. எதிர்ப்பு ரகத்திலேயே துரு வந்தால் அருகிலுள்ள வேளாண் நிலையத்துக்குக் கட்டாயம் சொல்லுங்கள். புதிய துரு வகை முதலில் தெரிவது பெரும்பாலும் இப்படி ஒரு விவசாயியின் வயலில்தான்.

விதையை வைத்துக்கொள்ளலாம். இவை வீரிய ஒட்டு இல்லை, தன் மகரந்தச் சேர்க்கைப் பயிரின் நிலையான ரகங்கள். கலப்படம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை சான்று விதை வாங்கிப் புதுப்பித்தால் நல்லது.

மார்க்கர் இருந்தால் ரகம் எத்தனை வருடத்தில் தயாராகும்?

பழைய முறையில் கலப்பிலிருந்து வெளியீடு வரை பத்துப் பன்னிரண்டு வருடம் சாதாரணம். மார்க்கரோடு பின்கலப்பு செய்தால் கணிசமாகக் குறையும், பல மாநில வயல் சோதனைகளுக்கான வருடங்கள் மட்டும் குறையாது. ஒரு நாளில் 22 மணி நேரம் விளக்கு வெளிச்சம் கொடுத்து வருடத்துக்கு ஆறு தலைமுறை வரை எடுக்கும் முறையும் வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஆய்வகத்துக்குள் நடக்கும் பகுதி ஓரிரு வருடத்தில் முடியும்.

ஆய்வகத்திலேயே எல்லாம் தெரியும் என்றால் வெலிங்டன் மாதிரி நிலையங்கள் இனியும் எதற்கு?

மார்க்கர் சொல்வது, நமக்கு ஏற்கெனவே தெரிந்த மரபணு அந்த நாற்றில் இருக்கிறதா என்பதை மட்டும். அந்த மரபணு இன்று காற்றில் இருக்கும் துருவைத் தடுக்கிறதா என்பதைத் துருதான் சொல்ல வேண்டும். சிம்லாவில் ஃப்ளவர்டேல் என்ற இடத்திலுள்ள நிலையம் நாடு முழுக்க இருந்து வரும் துரு பிடித்த இலைகளை வாங்கி, வகை பிரித்து, உயிரோடு பாதுகாத்து வருகிறது. அதைத் தொடங்கியவரும் அதே மேத்தாதான். வெலிங்டனில் நாற்று வரிசைகளுக்கு நடுநடுவே, வேண்டுமென்றே துருவுக்கு எளிதில் விழும் பழைய ரகத்தை ஒரு வரிசை விதைத்து வைப்பார்கள். அது முதலில் துரு பிடித்து, பக்கத்து வரிசைகளுக்கெல்லாம் வித்துகளைத் தூவும். ஆய்வகத்தில் மூன்று மரபணுவும் இருக்கிறது என்று குறித்து அனுப்பிய நாற்று, அந்த வரிசைக்குப் பக்கத்தில் கதிர் முற்றும்வரை பச்சையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போகும்.